அடுப்பும் சுவரும்: சிங்கப்பூரில் தீக்காப்புறுதி வளர்ந்த கதை



நம் தோட்டத்து வீடுகளில் இரவு கடைசியாகப் படுக்கப் போகிறவர் பெரும்பாலும் தாய்தான். எரிந்து மீந்த கொள்ளிக்கட்டையை அடுப்பிலிருந்து வெளியே இழுத்து, தண்ணீர் தெளித்து அணைத்து, மறுநாளைக்கு வைத்திருக்கும் விறகை எட்டத் தள்ளி வைத்துவிட்டுத்தான் அவர் பாயில் சாய்வார். எரிவாயு அடுப்பு வந்துவிட்ட இந்நாளிலும் விறகடுப்பு முற்றாக மறைந்துவிடவில்லை. வெந்நீர் வைக்கவும், திருமண வீட்டுச் சமையலுக்கும், பொங்கலுக்கும் கொல்லைப்புறத்தில் அது இன்னும் எரிந்துகொண்டுதான் இருக்கிறது.

ஒரு வீட்டில் என்ன அடுப்பு எரிகிறது, அதைச் சுற்றியுள்ள சுவர் எதனால் ஆனது என்ற இரண்டு கேள்விகளையும் நம் தாய்மார்கள் மட்டும் கேட்பதில்லை. தீக்காப்புறுதி விற்கும் நிறுவனங்களும் முந்நூறு ஆண்டுகளுக்கும் மேலாகக் கேட்டு வருகின்றன. அந்தக் கேள்விகள் எங்கே பிறந்தன? சிங்கப்பூருக்கு எப்படி வந்தன? தோட்டத்தை விட்டு வெளியேறிச் சொந்தமாக வீடு வாங்கும் நம் குடும்பங்களுக்கு அவற்றால் ஆவது என்ன? இன்றைய உரையில் இவற்றைப் பார்ப்போம்.

முதலில் காப்புறுதி என்றால் என்ன என்று தெளிவுபடுத்திக்கொள்வோம். தோட்டங்களில் மரண சகாய நிதி என்று ஒன்று உண்டு. மாதந்தோறும் ஒவ்வொரு குடும்பமும் சிறு தொகை கட்டும். ஒரு வீட்டில் துக்கம் நேர்ந்தால், எல்லாரும் கட்டிய அந்தப் பணத்திலிருந்து அந்த வீட்டுக்கு உதவி போகும். தீக்காப்புறுதியும் இதே தத்துவந்தான். பல வீட்டுக்காரர்கள் கட்டும் சந்தா ஓரிடத்தில் சேர்கிறது. தீக்கு இரையான ஒரு வீட்டின் இழப்பு அதிலிருந்து ஈடு செய்யப்படுகிறது. ஆனால் ஒரு வேறுபாடு இருக்கிறது. சகாய நிதியில் எல்லாரும் ஒரே தொகை கட்டுவார்கள். காப்புறுதியிலோ யாருடைய வீடு எளிதில் தீப்பிடிக்குமோ, அவர் கூடுதலாகக் கட்ட வேண்டும்.

இனி சிங்கப்பூருக்குப் போவோம். 1819ஆம் ஆண்டு, ஸ்டாம்ஃபோர்டு ராஃபிள்ஸ் பினாங்கிலிருந்து சிங்கப்பூருக்குத் திரும்பியபோது, அவருடன் அதே கப்பலில் வந்தவர் நாராயண பிள்ளை என்னும் தமிழர். புதிதாக எழும் ஊரில் வீடு கட்டச் செங்கல் தேவைப்படும் என்பதை அவர் உடனே உணர்ந்தார். தஞ்சோங் பகாரில் செங்கற்சூளை ஒன்றைத் தொடங்கினார். பினாங்கிலிருந்து கொத்தனார்களையும் தச்சர்களையும் வரவழைத்தார். சிங்கப்பூரின் முதல் கட்டடக் குத்தகைக்காரர் என்று வரலாறு அவரைக் குறிக்கிறது. அத்துடன் கிராஸ் ஸ்திரீட்டில் துணிக்கடையும் வைத்தார். கடை நன்றாக நடந்தது.

1822ஆம் ஆண்டு அந்தக் கடை தீப்பற்றி எரிந்தது. கடனுக்கு வாங்கி அடுக்கியிருந்த சரக்கெல்லாம் சாம்பலாயிற்று. துணி போய்விட்டது, கடன் மட்டும் நின்றது. பிறருக்குச் செங்கல் சுட்டுக் கொடுத்தவர் ஒரே தீயில் கடனாளியானார். அவர் ராஃபிள்சிடம் முறையிட்டார். ராஃபிள்ஸ் அவருக்குக் கமர்ஷியல் ஸ்குவேர் என்ற இடத்தில் நிலம் கொடுத்து, மீண்டும் தொழில் தொடங்க வழி செய்தார். அந்த இடந்தான் இன்றைய ராஃபிள்ஸ் பிளேஸ். நாராயண பிள்ளை எழுந்து நின்றார். சவுத் பிரிட்ஜ் சாலையில் 1827இல் ஸ்ரீ மாரியம்மன் கோயிலை எழுப்பியவரும் அவர்தான். அந்தக் கோயில்கூட முதலில் மரத்தாலும் அத்தாப்பு ஓலையாலும் ஆனதே. செங்கற்கட்டடமாக அது மாறியது பின்னர்தான்.

இங்கே நாம் ஒன்றைக் கவனிக்க வேண்டும். நாராயண பிள்ளையைக் காத்தது ஓர் ஆளுநரின் தயவு. ராஃபிள்சைத் தெரிந்தவருக்கு நிலம் கிடைத்தது. தெரியாதவருக்கு? தீயில் இழந்ததைத் தயவாக அல்லாமல் உரிமையாகக் கேட்டு வாங்க வழி உண்டா? அந்த வழிக்குத்தான் காப்புறுதி என்று பெயர். அது அதற்கு முன்பே உலகின் வேறொரு மூலையில் பிறந்திருந்தது.

1666ஆம் ஆண்டு செப்டம்பர் 2ஆம் நாள், லண்டன் மாநகரில் ஒரு ரொட்டிக் கடையில் தீ மூண்டது. விறகு எரித்து ரொட்டி சுடும் கடை அது. மரவீடுகள் நெருக்கமாக நின்ற அந்நகரில் தீ நான்கு நாள் எரிந்தது. ஏறத்தாழ 13,200 வீடுகள் அழிந்தன. அதன் பிறகு, நகருக்குள் செங்கல்லாலோ கல்லாலோதான் வீடு கட்ட வேண்டும் என்று சட்டம் வந்தது. நிக்கலஸ் பார்பன் என்பவர் 1680ஐ ஒட்டிய ஆண்டுகளில் வீடுகளுக்கான தீக்காப்புறுதி நிலையம் ஒன்றைத் தொடங்கினார். அவர் வைத்த விலையைப் பாருங்கள். செங்கல் வீடானால், அதன் ஆண்டு வாடகையில் நூற்றுக்கு இரண்டரை. மரவீடானால் நூற்றுக்கு ஐந்து. சரியாக இரண்டு மடங்கு!

சுவரைப் பார்த்து விலை சொல்லும் வழக்கம் அன்று தொடங்கியது. நெஞ்சில் நிறுத்த வேண்டிய உண்மை ஒன்று இதில் உண்டு. மரவீட்டில் இருப்பவர் பெரும்பாலும் ஏழை. தீ ஆபத்தும் அவருக்கே அதிகம். காப்புறுதி விலையும் அவருக்கே அதிகம். கணக்கில் பிழை இல்லை. ஆனாலும் யாருக்குக் காப்பு மிகுதியாகத் தேவையோ, அவருக்கே அது எட்டாத உயரத்தில் நின்றது.

லண்டன் கற்ற பாடம் சிங்கப்பூருக்கும் வந்தது. 1822இல் ராஃபிள்ஸ் நகரமைப்புக் குழுவுக்கு எழுதிய கட்டளையில், கடைவீடுகள் செங்கல்லும் ஓடும் கொண்டு கட்டப்பட வேண்டும், ஒவ்வொரு வீட்டின் முன்னும் மக்கள் நடந்து செல்லத் தொடர்ச்சியான கூரையிட்ட வழி விடப்பட வேண்டும் என்றார். நம்மவர்கள் அஞ்சடி என்று சொல்லும் வழி அப்படி வந்ததுதான். இரண்டு கடைவீடுகளுக்கு நடுவே நிற்கும் செங்கற்சுவர், ஒரு வீட்டின் தீ அடுத்த வீட்டுக்குத் தாவாமல் மறிக்கும். சமையற்கட்டு வீட்டின் பின்பகுதியில், புகை மேலே போகத் திறந்தவெளி முற்றத்தை ஒட்டி அமைந்தது. கட்டளை இட்டவுடன் நகரம் மாறிவிடவில்லை. 1830இல் பிலிப் ஸ்திரீட், மார்க்கெட் ஸ்திரீட் பகுதியில் பெருந்தீ ஏற்பட்டது. முறையான தீயணைப்புப் படை 1888இல்தான் அமைந்தது.

நகரத்துக்கு வேண்டிய செங்கல்லும் சுண்ணாம்பும் எங்கிருந்து வந்தன? இன்று லிட்டில் இந்தியா என்று உலகம் அறிந்த சிராங்கூன் சாலை வட்டாரத்தைப் பழைய தமிழர்கள் சுண்ணாம்புக் கம்பம் என்று அழைத்தார்கள். பத்தொன்பதாம் நூற்றாண்டில் அங்கே செங்கற்சூளைகளும் சுண்ணாம்புக் காளவாய்களும் இருந்தன. கைதிகளாகக் கொண்டுவரப்பட்ட இந்தியர்கள் அந்தச் செங்கல்லை அறுத்தார்கள், சுட்டார்கள், அடுக்கினார்கள். தீக்கு அஞ்சாத நகரம் ஒன்று எழ, நம்மவர் கைகள் இப்படி உழைத்திருக்கின்றன.

இனி அடுப்பைப் பற்றிய கேள்விக்கு வருவோம். சுவர் வெளியே நிற்கிறது. காப்புறுதிக்காரர் தெருவில் நின்றே அதைப் பார்த்துவிடலாம். அடுப்போ உள்ளே இருக்கிறது. வீட்டுக்காரர் சொன்னால்தான் தெரியும். சொல்லாமல் விட்டால்? இந்தக் கேள்விக்கு விடை தந்த வழக்கு நம் பக்கத்து ஊரைப் பற்றியது என்றால் உங்களுக்கு வியப்பாக இருக்கும்.

லிட்டில் இந்தியாவுக்கு அருகே பென்கூலன் ஸ்திரீட் என்று ஒரு தெரு உண்டு. சுமத்திராத் தீவில் பெங்கூலு என்று இன்று வழங்கும் ஊரின் பழைய ஆங்கிலப் பெயர் அது. ராஃபிள்ஸ் அங்கேதான் துணைநிலை ஆளுநராக இருந்தார். அங்கிருந்த இந்தியக் கைதிகள்தாம் 1825இல் சிங்கப்பூருக்கு மாற்றப்பட்டார்கள். அந்த ஊரில் ஆங்கிலேயருக்கு மார்ல்பரோ என்றொரு கோட்டை இருந்தது. அதன் ஆளுநர் கார்ட்டர், எதிரிகள் கோட்டையைப் பிடித்துக்கொண்டால் தமக்கு ஏற்படும் நட்டத்துக்காக லண்டனில் காப்புறுதி எடுத்தார். 1760இல் பிரெஞ்சுக்காரர் கோட்டையைப் பிடித்துவிட்டனர். அது பலவீனமான கோட்டை என்பதை ஆளுநர் சொல்லவில்லை, ஆகவே பணம் தர முடியாது என்றார் காப்புறுதி கொடுத்தவர். வழக்கு 1766இல் மான்ஸ்ஃபீல்டு பிரபு முன் வந்தது. ஆளுநர் வஞ்சகமாக எதையும் மறைக்கவில்லை என்று கண்டு தீர்ப்பு அவருக்கே சாதகமாயிற்று. ஆனால் அந்த வழக்கில் நீதிபதி விளக்கிய கொள்கைதான் நிலைத்தது. ஆபத்தின் அளவைக் கணிக்க வேண்டிய செய்திகள் பெரும்பாலும் காப்புறுதி எடுப்பவருக்கு மட்டுமே தெரியும். ஆகவே இரு தரப்பும் முழு நாணயத்துடன் நடந்துகொள்ள வேண்டும் என்பதே அக்கொள்கை.

கோட்டைக்குச் சொன்னது வீட்டுக்கும் பொருந்துகிறது. குளிர் மிகுந்த நாடுகளில் வீட்டுக்குள் விறகு எரிக்கும் கணப்படுப்பு வைக்கிறவர்கள், அதைத் தம் காப்புறுதி நிறுவனத்துக்கு அறிவிக்க வேண்டியிருக்கிறது. தகுதி பெற்றவர் பொருத்தினாரா, புகைபோக்கி ஆண்டுதோறும் துடைக்கப்படுகிறதா, அடுப்புக்கும் மரச்சுவருக்கும் போதிய இடைவெளி உண்டா என்று நிறுவனம் கேட்கும். நம் நாடுகளில் கணப்படுப்பு இல்லை. ஆனால் வீட்டின் பின்னால் பலகைச் சார்ப்பு இறக்கி விறகடுப்பு வைப்பதும், வீட்டிலேயே பலகாரம் சுட்டு விற்பதும், எரிவாயு உருளைகளைச் சேர்த்து வைப்பதும் உண்டல்லவா? காப்புறுதியின் கண்ணில் இவையும் அதே வகைதான். வெறும் குடியிருப்பு என்று எழுதிக் கொடுத்துவிட்டு உள்ளே வியாபார அடுப்பு எரித்தால், இழப்பீடு கேட்கும் நாளில் அந்த அடுப்பே நமக்கு எதிராகச் சாட்சி சொல்லும்.

இதற்கிடையே சிங்கப்பூரில் இன்னொரு நகரம் வளர்ந்துகொண்டிருந்தது. செங்கற்கடைவீடுகளுக்கு வெளியே, பலகைச் சுவரும் அத்தாப்புக் கூரையும் கொண்ட கம்பத்து வீடுகள் ஆயிரக்கணக்கில் எழுந்தன. அங்கே விறகடுப்பும், கரியடுப்பும், மண்ணெண்ணெய் அடுப்பும் எரிந்தன. தெருக்கள் குறுகல், தண்ணீர்க் குழாய்கள் குறைவு. 1959 பிப்ரவரி 13ஆம் நாள் கம்போங் தியோங் பாருவில் மூண்ட தீயில் ஏறத்தாழ 12,000 பேர் வீடிழந்தனர்.

இரண்டே ஆண்டுகளில், 1961 மே 25ஆம் நாள், ஹஜ்ஜுப் பெருநாள் விடுமுறையன்று பிற்பகலில், அதே வட்டாரத்தில் உள்ள புக்கிட் ஹோ ஸ்வீயில் மீண்டும் தீ. காற்று அதை ஒரு கூரையிலிருந்து மறு கூரைக்கு எடுத்துச் சென்றது. மக்கள் கைக்கு அகப்பட்ட மூட்டைகளையும் குழந்தைகளையும் தூக்கிக்கொண்டு ஓடினார்கள். நால்வர் இறந்தனர். 2,000க்கு மேற்பட்ட வீடுகள் அழிந்தன. ஏறத்தாழ 16,000 பேர் ஒரே மாலையில் வீடற்றவர்களாயினர்.

அவர்கள் பள்ளிக்கூடங்களில் தங்கவைக்கப்பட்டார்கள். நிவாரண நிதி திரட்டப்பட்டது. 1960இல் அமைக்கப்பட்டிருந்த வீடமைப்பு வளர்ச்சிக் கழகம் அவசர அவசரமாக அடுக்குமாடி வீடுகளைக் கட்டியது. ஏறத்தாழ ஓராண்டுக்குள் அவர்களுக்குப் புதுவீடுகள் கிடைத்தன. இது பெரிய சாதனை என்பதில் ஐயமில்லை. ஆயினும் நாராயண பிள்ளையின் கதையோடு இதை ஒப்பிட்டுப் பாருங்கள். 1822இல் ஓர் ஆளுநர் கைகொடுத்தார். 1961இல் அரசாங்கமும் பொதுமக்களும் கைகொடுத்தார்கள். வீடு வந்தது. எரிந்துபோன தையல் இயந்திரம், சீட்டுப் பிடித்துச் சேர்த்த நகை, பிள்ளைகளின் பிறப்புப் பத்திரம் இவற்றை எந்தப் புதுவீடும் திருப்பித் தராது.

கம்பங்கள் படிப்படியாக மறைந்தன. செம்பவாங், நீ சூன் பக்கத்து ரப்பர்த் தோட்டங்களில் வாழ்ந்த நம்மவர்களும் காலப்போக்கில் அடுக்குமாடிகளுக்குக் குடிபெயர்ந்தார்கள். விறகும் கரியும் போய், எரிவாயு வந்தது. பலகைச் சுவர் போய், கான்கிரீட் சுவர் வந்தது. அப்போதுதான் காப்புறுதி விலை ஏழைக்கும் எட்டும்படி இறங்கியது. 1994 செப்டம்பர் 1 முதல், வீடமைப்பு வளர்ச்சிக் கழகத்திடம் கடன் பெற்று வீடு வாங்குகிறவர்கள், அந்தக் கடன் தீரும் வரை தீக்காப்புறுதி வைத்திருப்பது கட்டாயம் என்று ஆயிற்று. ஐந்தாண்டுக்கான சந்தா பத்து வெள்ளிக்கும் குறைவு! செங்கல் வீட்டுக்குப் பாதி விலை என்று பார்பன் தொடங்கிய கணக்கு இங்கே வந்து நிற்கிறது. சுவர் நல்லதானால் சந்தா குறைகிறது. லட்சக்கணக்கான வீடுகள் ஒன்றாகச் சேரும்போது அது இன்னும் குறைகிறது.

ஆனால் நேயர்களே, விலை குறைவு என்று மகிழ்ந்து நின்றுவிடக் கூடாது. அந்தக் கட்டாயக் காப்புறுதி எதைக் காக்கிறது? கழகம் கட்டிக் கொடுத்த உட்சுவர், தரை, கதவு, பொருத்துகள் இவற்றைப் பழைய நிலைக்குக் கொண்டுவரும் செலவை மட்டுமே அது ஏற்கிறது. நாம் காசு போட்டுச் செய்த அலமாரியையும், வாங்கி வைத்த கட்டிலையும், துணிமணியையும், நகையையும் அது ஏற்பதில்லை. கடன் கொடுத்தவரின் ஈடு சுவரில் இருக்கிறது. எனவே சுவருக்குக் காப்பு கட்டாயமாகிறது. சுவருக்குள்ளே இருப்பது நம்முடையது. அதற்குக் காப்பு வேண்டுமானால், வீட்டுப்பொருள் காப்புறுதி என்று நாமே தனியாகக் கேட்டு எடுக்க வேண்டும். தீ நேர்ந்த பிறகே இந்த வேறுபாட்டை அறிந்து கலங்கிய குடும்பங்கள் உண்டு.

மலேசியாவில் தோட்டத்தை விட்டு வெளியேறி வீடு வாங்குகிறவர்களுக்கும் இது பொருந்தும். வங்கிக் கடனில் தரைவீடு வாங்கும்போது வங்கி கேட்பது கட்டடத்துக்கான காப்புறுதி. அடுக்குமாடியானால், 2013ஆம் ஆண்டின் அடுக்குமாடி நிர்வாகச் சட்டப்படி கட்டடம் முழுவதற்கும் நிர்வாகமே காப்புறுதி எடுக்கிறது. இரண்டிலும் வீட்டுக்குள் இருக்கும் பொருள் சேராது. லயத்தில் இருப்பவருக்கோ, சுவர் தோட்ட நிர்வாகத்துடையது; பானை முதல் பத்திரம் வரை எல்லாம் தம்முடையது.

ஆகவே காப்புறுதிப் பத்திரத்தில் கையெழுத்திடுமுன் மூன்று கேள்விகளைக் கேளுங்கள்.

முதல் கேள்வி: இது சுவரைக் காக்கிறதா, சுவருக்குள் இருப்பதைக் காக்கிறதா, இரண்டையுமா?

இரண்டாவது: எவ்வளவு தொகைக்கு? சந்தாவை மிச்சம் பிடிக்கத் தொகையைக் குறைத்து எழுதினால் என்ன ஆகும் என்று பாருங்கள். திரும்பக் கட்ட ஒரு லட்சம் வெள்ளி ஆகும் வீட்டை ஐம்பதாயிரத்துக்கு மட்டும் காப்புறுதி செய்தால், அது பாதிக் காப்பு. சமையலறை எரிந்து இருபதாயிரம் வெள்ளி நட்டமானால், பல பத்திரங்களின் விதிப்படி அதிலும் பாதியாகிய பத்தாயிரந்தான் கிடைக்கும்.

மூன்றாவது: என் அடுப்பைப் பற்றி நான் உண்மையைச் சொல்லிவிட்டேனா? மலேசியாவில் 2013ஆம் ஆண்டின் நிதிச் சேவைச் சட்டம், கேட்ட கேள்விகளுக்குக் கவனத்தோடும் நேர்மையோடும் விடை சொல்வதைக் காப்புறுதி எடுப்பவரின் கடமை என்கிறது. சிங்கப்பூரில், தெரிந்ததை எல்லாம் சொல்லாவிட்டால் பத்திரம் பயனற்றுப் போகலாம் என்ற எச்சரிக்கை படிவத்திலேயே இருக்க வேண்டும் என்பது சட்டம். முகவர் அவசரப்படுத்தினாலும் வெற்றுப் படிவத்தில் கையெழுத்திடாதீர்கள். பின்னால் சார்ப்பு இறக்கினாலும், அடுப்பை மாற்றினாலும், வீட்டில் தொழில் தொடங்கினாலும் நிறுவனத்துக்கு எழுத்தில் தெரிவித்து, அதன் நகலை வைத்துக்கொள்ளுங்கள். பத்திரத்தின் ஒரு நகலை வீட்டுக்கு வெளியே, நம்பிக்கையான உறவினரிடம் கொடுத்து வையுங்கள். வீட்டோடு பத்திரமும் எரிந்துவிட்டால், எந்த நிறுவனத்தில் என்ன எண்ணில் எடுத்தோம் என்று தேடவே நாள்கள் போய்விடும்.

காப்புறுதி தீயை அணைப்பதில்லை. கொள்ளிக்கட்டையை இழுத்து அணைக்கும் தாயின் கைதான் அன்றும் இன்றும் முதற்காப்பு. கவனிக்காமல் விட்ட சமையல் இன்றைய சிங்கப்பூரிலும் வீட்டுத் தீக்கு ஒரு முக்கியக் காரணமாகவே இருக்கிறது. அங்கே 2018 ஜூன் முதல் கட்டப்படும் புதுவீடுகளில் புகை கண்டால் ஒலி எழுப்பும் கருவி இருக்க வேண்டும் என்று சட்டம் போட்டிருக்கிறார்கள். அந்தக் கருவியும் தாயின் கண்ணுக்குத் துணையே தவிர, அதற்கு மாற்று அல்ல.

செங்கல் சுட்ட நாராயண பிள்ளைக்குத் தீயில் இழந்ததைப் பெற ஓர் ஆளுநரின் மனம் இரங்க வேண்டியிருந்தது. நம் பிள்ளைகளுக்கு அந்த நிலை வேண்டாம். அவர்கள் வாங்கும் வீட்டின் பத்திரத்தை ஒருமுறை எடுத்து, இந்த மூன்று கேள்விகளோடு அவர்களையே வாசிக்கச் சொல்லிக் கேளுங்கள்.